மூத்தவள்: நாவல் எழுதும் நாட்களின் குறிப்புகள்

ஜூன் 4

களம் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடி, ஆண்டு 1877. இனி மாற்றமில்லை.

தாது வருஷத்தில் (1876-77) மழை பொய்த்தது. பஞ்சத்தின் காலடியிலேயே காலராவும் வந்தது. தாயையும் தகப்பனையும் அடுத்தடுத்து அடக்கம் செய்த ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகள் மிஞ்சுகிறார்கள். மூத்தவளுக்கு 19, தம்பிக்கு 14, தங்கைக்கு 9, கடைக்குட்டிக்கு 4. இவர்களை வைத்து ஒரு காதல் கதை எழுத வேண்டும்.

மூத்தவளின் வயதைப் பற்றி நிறைய யோசித்தேன். 1872ஆம் ஆண்டின் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு வைத்த எல்லை, ஆண் 16 வயதைத் தாண்டியிருக்க வேண்டும், பெண் 13. அப்படிப்பட்ட காலத்தில் 19 வயதிலும் வீட்டில் இருப்பவளை ஊர் என்னவெல்லாம் பேசியிருக்கும்! பெற்றவர்கள் இருந்தபோதே ஒரு சம்பந்தம் தட்டிப்போனதாக வைத்திருக்கிறேன். காரணத்தை மூன்றாம் அத்தியாயம் வரை சொல்லப் போவதில்லை.

ஜூன் 7

இன்று முழுக்கப் பஞ்சத்தைப் பற்றிய வாசிப்பு. மனம் கனத்துவிட்டது.

பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட அரசு அனுப்பிய ஆங்கிலேய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் நிவாரண வேலைக்கு வகுத்த கூலி, ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். நம் கணக்கில் சுமார் 450 கிராம். பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அதைவிடக் குறைவு. வெயிலில் நாள் முழுக்க மண் சுமப்பவனுக்கு இது! சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இது உயிரைக் காக்காது என்று வாதாடினார். பஞ்சம் கொண்டுபோனவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்று வரலாற்று ஆசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள்.

பெல்லாரி, கடப்பைப் பக்கம் நடந்த கொடுமை திருநெல்வேலியில் அந்த அளவுக்கு இல்லை. இங்கே தாமிரபரணி ஓடியது. ஆனால் என் ஆட்கள் இருப்பது தேரிக்காட்டில். சிவந்த மணலும் பனையும் உடைமரமும்தான் அங்கே சொத்து. கிணறு வற்றினால் ஆற்றை நினைத்து ஏங்கத்தான் முடியும்.

ஜூன் 12

நாகர்கோவில் பக்கம் ஒரு அம்மா ரேந்தை (லேஸ்) பின்னுவதை உட்கார்ந்து பார்த்தேன். உருண்டைத் தலையணை ஒன்று. அதன்மேல் ஊசியால் குத்தி வடிவம் எடுத்த கெட்டி அட்டை. நூல் சுற்றிய மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்குகின்றன. ஒரு குச்சியை மற்றொன்றின் மேல் தாண்டவிட்டு, முறுக்கி, அட்டையின் துளையில் குண்டூசி குத்தி, மறுபடியும் தாண்டவிடுகிறார். குச்சிகள் ஒன்றோடொன்று தட்டும் மெல்லிய ஓசை நிற்பதே இல்லை. என்னோடு பேசிக்கொண்டே பின்னினார். பேச்சில் தயக்கம் வந்த இடத்தில்தான் விரலும் தயங்கியது. அவ்வளவு நேரத்துக்குப் பிறகு விரல் நகம் அளவுக்குப் பூ ஒன்று தெரிந்தது.

இந்தத் தொழிலை நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் மார்த்தா மால்ட். 1819இல் கணவரோடு அங்கே வந்தவர். ரேந்தை விற்ற காசில் தங்களை அடிமைத்தளையிலிருந்து மீட்டுக்கொண்ட பெண்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்ததே 1855இல்தான். அதற்கு முன்பே சில பெண்கள் தங்கள் விலையை நூலால் கட்டிவிட்டார்கள்! இதை எப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது. மார்த்தாவின் மகள் எலைசா, 1844இல் மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்கு வந்தபோது பெண்கள் பள்ளியோடு ரேந்தையும் வந்தது. என் மூத்தவள் அந்தப் பள்ளியில் படித்தவள்.

அந்த அம்மா போகிற போக்கில் ஒன்று சொன்னார்: "நூல் அழுக்குப்பட்டால் போச்சு. கை கழுவிக் கழுவித்தான் உட்கார வேண்டும்."

தண்ணீர் இல்லாத ஊரில் எப்படிக் கழுவுவாள்? அதுவும் பனைத்தொழில் வீடு. விடிலியில், அதாவது பதனீர் காய்ச்சும் குடிசையில், அடுப்பு மூட்டினால் கையெல்லாம் பிசுபிசுப்பு, புகை, கரி. ஆக, மூத்தவள் அடுப்படிக்குப் போகவே கூடாது. ஒன்பது வயதுத் தங்கைதான் போக வேண்டும். அக்காளின் விரல் வெளுப்பாக இருப்பதற்காக இந்தச் சின்னவளின் கை கொப்புளிக்கிறது. கடைக்குட்டி குடிக்க வேண்டிய தண்ணீரில் ஒரு கை அள்ளித்தான் மூத்தவள் விரலைக் கழுவுகிறாள். கதையின் வலி எங்கே இருக்கிறது என்று இன்றைக்குத்தான் பிடிபட்டது.

ஜூன் 18

நாயகன் யார் என்பதற்கு அந்த ஊர்க் கோவிலே பதில் சொல்லிவிட்டது. 1847இல் கட்டத் தொடங்கிய திரித்துவ ஆலயம் பிரதிஷ்டை ஆனது 1880 ஜூலை 6. இடையில் 33 ஆண்டுகள். 1877இல் அது இன்னும் கட்டி முடியாத கோவில். ஜன்னல் வளைவுகள் எப்படி வர வேண்டும் என்று கால்டுவெல் ஐயரே (பாதிரியாரை அங்கே ஐயர் என்பார்கள்) களிமண்ணில் செய்து காட்டினார் என்று ஊரில் சொல்வார்கள். அந்த வளைவுகளுக்குக் கல் செதுக்க வந்த இளைஞன்தான் நாயகன். ஒண்டிக்கட்டை, சொல்லிக்கொள்ள உறவு கிடையாது.

கால்டுவெல்லை எட்ட நிறுத்தியே எழுதப் போகிறேன். அந்த ஆண்டு மார்ச் 11 அன்று கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றுத் திரும்பியவர். ஜெபத்தில் தென்படுவார், தெருவில் நடந்து போவார். ஆனால் மூத்தவளின் சிக்கலை அவர் வந்து அவிழ்க்க மாட்டார். இந்த வகைக் கதைகளில் வெள்ளைக்கார ஐயரோ அம்மாவோ வந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. அந்தப் பெண்களின் உழைப்பு அதில் காணாமல் போய்விடுகிறது.

ஜூன் 23

பெண் கேட்கும் காட்சியை எழுதி முடித்தேன்.

கொத்தனார் நல்லவன். அதனால்தான் அவன் பேச்சு இவளைச் சுடுகிறது. "தம்பியை வேலைக்கு அனுப்பிவிடலாம். தங்கையைப் போர்டிங்கில் சேர்க்கலாம். சின்னவனை நாசரேத்தில் ஐயர் பார்த்துக்கொள்வார். உனக்கு ஒரு கவலையும் இருக்காது" என்கிறான். (பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளை நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயர் சேர்த்து வளர்த்தார்; 1878இல் அங்கே தொழிற்பள்ளியும் வந்தது.)

தாய்மாமனும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருக்கிறார். ஆளாளுக்கு ஒரு பிள்ளையை எடுத்துக்கொள்ள முன்வருகிறார்கள். எல்லாரும் இரக்கத்தோடுதான் வருகிறார்கள், ஆனால் அந்த இரக்கம் சேர்ந்தால் வீடு நாலாகப் பிரிந்துவிடும். மூத்தவள் அவனுக்குச் சொல்லும் பதில் ஒரே வரி: "கவலையைக் கேட்டு வந்தீர்களா, என்னைக் கேட்டு வந்தீர்களா?"

அவளால் இப்படிச் சொல்ல முடிவது ரேந்தைக் காசு கையில் இருப்பதால். பசிக்குப் பயந்து தலையாட்டுகிற பெண்ணை வைத்துக் காதல் கதை எழுத எனக்கு மனம் வரவில்லை. மறுக்க வழியுள்ளவள் சம்மதித்தால்தான் அது சம்மதம்.

ஜூன் 29

தம்பியின் அத்தியாயம். கண்டிச் சீமைக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணி முன்பணத்தைக் காட்டுகிறான். அந்தப் பஞ்சத்தில் இலங்கைக்குக் கப்பலேறிய கூட்டம் கொஞ்சமா! தன் வயிறு ஒன்று குறைந்தால் தங்கை கூடுதலாக ஒரு வாய் தின்பாள் என்பதுதான் பையனின் கணக்கு. சொல்லாமல் தூத்துக்குடி வழி நடக்கிறான்.

தேடிப் போகிறவன் கொத்தனார். பையனைக் கையைப் பிடித்து இழுத்து வரவில்லை. வழியோரம் உட்கார்ந்து, தான் இதே வயதில் தனியாகப் புறப்பட்ட கதையைச் சொல்கிறான். அதைச் சொல்லும்போதுதான் மூத்தவள் எதற்காக மறுத்தாள் என்பது அவனுக்கே விளங்குகிறது. இந்த அத்தியாயத்தில் அவளே இல்லை. ஆனாலும் காதல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜூலை 6

கோவில் பிரதிஷ்டை ஆன தேதி. இடையன்குடிக்குப் போயிருந்தேன். கால்டுவெல்லும் எலைசாவும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். ஜன்னல் வளைவுகளின் கீழே வெகுநேரம் நின்று பார்த்தேன்.

68ஆம் சங்கீதத்தில் "திக்கற்ற பிள்ளைகளுக்குத் தகப்பன்" என்ற வரியைத்தான் எல்லாரும் சொல்வார்கள். என் கதைக்கு வேண்டியது அதற்கு அடுத்த வசனம்: "தேவன் தனிமையானவர்களுக்கு வீடுவாசல் ஏற்படுத்தி". தனிமையானவன் இங்கே கொத்தனார். வீடுவாசல் அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. எனவே அவன்தான் உளியும் சுத்தியலுமாக அவள் வீட்டுக்கு வருகிறான். "வீட்டோடு மாப்பிள்ளை" என்று ஊர் சிரிக்கத்தான் செய்யும், சிரிக்கட்டும். இந்த முறை அவன் முதலில் கேட்பது தம்பியிடம். கடைக்குட்டியிடமும் கேட்கிறான்.

கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்க வேண்டும். யாராவது தடை சொல்வதானால் அப்போது சொல்லலாம். தாய்மாமன் இரண்டாம் ஞாயிறு கோவிலுக்கு வருகிறார். அந்தப் பகுதியைத்தான் அடுத்த வாரம் எழுதுகிறேன். அவரைக் கொடுமைக்காரராக்கப் போவதில்லை. அவர் வீட்டுப் பானையும் அந்த வருஷம் காலியாகத்தான் இருந்தது. அப்படியிருந்தும் அக்காள் பிள்ளைகளில் இரண்டு பேரைத் தருமாறு கேட்டவர் அவர்.