கடலில் எல்லை போடுவது

கடல் காப்பகத்தின் தலையெழுத்து அறிவிக்கையில் எல்லையைச் சொல்லும் நாலைந்து வரிகளில் இருக்கிறது. முன்னுரை எவ்வளவு நன்றாக இருந்தாலும், படகில் நிற்பவருக்குத் தான் உள்ளே இருக்கிறோமா வெளியே இருக்கிறோமா என்று தெரியாவிட்டால் சட்டம் கரையோடு நின்றுவிடும்.

“10 மீட்டர் ஆழம் வரை”, “பாரின் விளிம்பிலிருந்து 500 மீட்டர்” என்று எழுதவே கூடாது (பார் என்பது கடலடியிலுள்ள பாறை அல்லது பவளத் திட்டு). ஆழம் வற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் மாறும். விளிம்பு எது என்பதில் முக்குளிப்பவர்கள் இரண்டு பேரே ஒத்துப்போக மாட்டார்கள். புள்ளிகளைக் கொடுத்து நேர்கோட்டால் இணைத்தால்தான் நிற்கும். ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2004இல் மீன்பிடிக்கவே கூடாத பகுதி 5 சதவீதத்துக்கும் கீழிருந்து 33 சதவீதமானது. அப்போது எல்லைகளையும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகவே வகுத்தார்கள்.

எண்ணிலும் சறுக்கல் வரும். டிகிரியின் அறுபதில் ஒரு பங்கு மினிட், மினிட்டின் அறுபதில் ஒரு பங்கு செகண்ட். 10 மினிட் 30 செகண்டை ஜிபிஎஸ்ஸில் 10.30 மினிட் என்று அடித்துவிடுவார்கள், சரியானது 10.50. அந்த 0.20 மினிட், அட்சரேகையில் 370 மீட்டர்! பழைய கடல் வரைபடத்தில் எடுத்த புள்ளியை ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 என்ற இடங்குறிப்பு முறைக்கு மாற்றாமல் விட்டாலும் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப்போகலாம். பிடிபட்டவரின் வக்கீல் முதலில் கை வைப்பது இங்கேதான். அச்சுக்குப் போகுமுன் ஒவ்வொரு புள்ளிக்கும் படகில் போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

கோடு பாரை நடுவே வெட்டக் கூடாது. மீன்கள் பாரின் ஓரமாகவே நடமாடும். கோட்டுக்கு அப்பால் வலை காத்திருக்கும். பாரை முழுதாக உள்ளே வைத்து, சுற்றிலும் மணலையும் தாராளமாகச் சேர்க்க வேண்டும். நியூசிலாந்தின் லீ காப்பகம் 1975இல் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லை கரையிலிருந்து 800 மீட்டர். சிங்கி இறால்கள் இரை தேடி அதையும் தாண்டி மணலுக்குப் போய்ப் பொறியில் சிக்கின. 87 காப்பகங்களை ஒப்பிட்டு 2014இல் வந்த ஆய்வு, பலன் தரும் ஐந்து பண்புகளில் ஒன்றாக ஆழ்நீராலோ மணலாலோ தனித்திருப்பதைச் சொன்னது. மற்றவை: மீன்பிடிக்க முழுத் தடை, கண்காணிப்பு, பத்தாண்டுக்கு மேற்பட்ட வயது, 100 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு.

மூலைகளில் மஞ்சள் மிதவை, உச்சியில் பெருக்கல் குறி: உலகெங்கும் சிறப்புப் பகுதிக்கு இதுவே அடையாளம். ஆனால் மிதவையே கேடு செய்யும். 10 மீட்டர் ஆழத்தில் 30 மீட்டர் சங்கிலி போட்டால் அது 28 மீட்டர் ஆரத்தில் சுழன்று கடல்புல்லை வழித்தெடுத்துவிடும். காக்க வந்த இடத்திலேயே வட்ட வட்டமாக மொட்டை விழுவதைப் பார்க்க மனசு பொறுக்காது. தரைக்குள் திருகி இறக்கும் திருகு நங்கூரம் போட்டு, சங்கிலியின் நடுவே நீருக்குள் ஒரு சிறு மிதவை கட்டினால் சங்கிலி தரை தொடாமல் தூக்கி நிற்கும். சாதாரணச் சங்கிலியானால் தரையைத் தொடும் கண்ணிகள்தான் முதலில் தேயும். அங்கேதான் கையால் தடவிப் பார்க்க வேண்டும்.

மிதவை அறுந்தாலும் எல்லை மாறாது என்ற ஒரு வரியை விதியிலேயே சேர்த்துவிடுங்கள்.