நோயாளி அதிகம் இருக்கிற ஊருக்குத்தான் பணம் போகணுமா?

நோய்த்தடுப்புக்கு ஒதுக்கிய பணத்தை ஊர் ஊராகப் பிரிக்கும்போது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, எங்கே நோயாளிகள் அதிகமோ அங்கே அதிகம் கொடு என்பதுதான். கேட்க நியாயமாக இருக்கிறது, யாரும் சண்டைக்கும் வரமாட்டார்கள். ஆனால் இது சிகிச்சைக்குச் சரியான கணக்கு, தடுப்புக்குத் தப்பான கணக்கு.

அமெரிக்காவில் 1990களில் எச்.ஐ.வி. தடுப்புப் பணம் பெரும்பாலும் பதிவான எய்ட்ஸ் நோயாளிகளின் எண்ணிக்கையை ஒட்டித்தான் பிரிந்தது. மருந்து எடுக்காவிட்டால் எச்.ஐ.வி. தொற்று எய்ட்ஸாக முற்றச் சராசரியாகப் பத்து வருஷம் ஆகும். ஆக, அந்த எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவர், கிருமி பத்து வருஷத்துக்கு முன்னால் இருந்த விலாசத்துக்கு மணியார்டர் போடுகிறார். இன்னொரு கூத்தும் உண்டு. ஒழுங்காகத் தடுத்த ஊரில் நோயாளிகள் குறைவார்கள், குறைந்தால் அடுத்தடுத்து வருகிற பணமும் குறையும்.

2000இல், மருத்துவ விஷயங்களில் ஆலோசனை சொல்கிற அந்நாட்டின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்கிற அமைப்பு அமைத்த குழு இதை மாற்றச் சொன்னது. இருக்கிற பணத்தில் எத்தனை புதுத் தொற்றுகளைத் தடுக்க முடியுமோ அத்தனையும் தடுக்கிற மாதிரி பிரியுங்கள், அவ்வளவுதான்.

சும்மா ஒரு கற்பனைக் கணக்கு. கையில் ஒரு கோடி ரூபாய். முதல் ஊரில் 900 நோயாளிகள், ஆனால் வருஷத்துக்கு 20 புதுத் தொற்றுகள். இரண்டாவது ஊரில் 100 நோயாளிகள்தான், புதுத் தொற்றுகளோ 80. தலை எண்ணிப் பிரித்தால் 90 லட்சம் முதல் ஊருக்குப் போய்விடும். அங்கே ஒரு தொற்றுகூட இல்லாமல் செய்தாலும் தடுத்தது 20தான். சரி, அப்படியானால் மொத்தத்தையும் இரண்டாவது ஊரில் கொட்டிவிடலாமா? அதுவும் கூடாது. முதல் பத்து லட்சம் சுலபமாக எட்டக்கூடிய ஆட்களைப் பிடித்துவிடும், அடுத்த பத்து லட்சத்துக்கு அவ்வளவு பலன் இருக்காது, அதற்கடுத்தது இன்னும் குறையும். அதனால் ஒவ்வொரு லட்சத்தையும் எடுத்து, இது எங்கே போனால் அதிகம் தடுக்கும் என்று கேட்டுக் கேட்டு வைக்க வேண்டும். பலன் தேய்ந்து மற்ற ஊருக்குச் சமமாக வரும்போது அங்கேயும் வைக்கத் தொடங்க வேண்டும். கணித மாடல் என்று பெரிதாகச் சொல்வதன் அடிப்படை இவ்வளவுதான்.

ஆனால் "இத்தனை ரூபாய்க்கு இத்தனை தொற்று" என்கிற எண் எங்கிருந்து வரும்? இங்கேதான் எனக்கு நியூ ஹேவன் கதை ரொம்பப் பிடிக்கும். கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிற ஊர். போதை ஊசி போடுகிறவர்கள் பழைய ஊசியைக் கொடுத்துவிட்டுப் புதிதை வாங்கிப்போகலாம் என்று 1990 நவம்பரில் ஒரு வேனை வைத்து ஆரம்பித்தார்கள். பலன் உண்டா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஊசியைப் பகிர்கிறீர்களா என்று ஆட்களைக் கேட்டால் உண்மை வருமா என்ன! யேல் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் காப்ளானும் அவரோடு இருந்தவர்களும் ஆட்களை விட்டுவிட்டு ஊசிகளைப் பின்தொடர்ந்தார்கள். கொடுக்கிற ஒவ்வொரு ஊசியிலும் ஒரு குறியீடு, வாங்குகிறவருக்கு ஒரு புனைபெயர். எந்த ஊசி யாரிடம் போய், எத்தனை நாள் கழித்து, யார் கையால் திரும்பி வந்தது என்று தெரிந்துவிடும். வந்த ஊசிகளில் ஒரு பகுதியை ஆய்வகத்தில் எச்.ஐ.வி.க்காகச் சோதித்தார்கள்.

மலேரியா எப்படிப் பரவும் என்று கணக்குப் போடுகிற மாடலில் கொசுவுக்கு இருக்கிற இடம் இங்கே ஊசிக்கு. கொசு சீக்கிரம் செத்தால் அது கடிக்கிற ஆட்கள் குறைவு. ஊசி சீக்கிரம் திரும்பி வந்தால் அது மாறுகிற கைகள் குறைவு, அது கிருமியை வாங்கிக்கொள்கிற வாய்ப்பும் குறைவு. ஆட்கள் தங்கள் பழக்கத்தைக் கொஞ்சமும் மாற்றிக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொண்டால்கூட பலன் இருக்கும் என்பதுதான் இந்த மாடலின் அழகு. அந்தத் திட்டத்துக்கு வந்தவர்களிடையே புதுத் தொற்று ஏறக்குறைய 33 சதவீதம் குறைந்திருக்கும் என்று 1991இல் கணக்கு வந்தது.

மாடல் சொன்ன எண் அப்படியே வேதவாக்கு இல்லை. உள்ளே போட்ட அனுமானம் தப்பினால் விடையும் தப்பும். ஆனால் அந்த அனுமானங்களை ஒரு தாளில் எழுதிக் காட்டலாம், யார் வேண்டுமானாலும் இது தப்பு என்று கை வைக்கலாம். மூடிய அறைக்குள் பேசி முடிக்கிற ஒதுக்கீட்டில் கை வைக்க நமக்கு என்ன கிடைக்கும்?

இவ்வளவு இருந்தும், ஊசி மாற்றும் திட்டங்களுக்கு மத்திய அரசுப் பணம் கூடாது என்று 1988இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட தடை 2009 வரை அசையவில்லை. எடுத்த தடையை 2011இல் திரும்பவும் கொண்டுவந்தார்கள். 2015 டிசம்பரில் தளர்த்தியபோது, ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கலாம், வேன் ஓட்டலாம், ஆனால் அந்தப் பணத்தில் ஊசி மட்டும் வாங்கக்கூடாது என்று எழுதிவைத்தார்கள்.