ஆத்தாவோடு விமானம் ஏறுமுன்

3 செப்டம்பர் 2025, புதன், காரைக்குடி

டிக்கெட் எடுத்தாகிவிட்டது. 11ஆம் தேதி இரவு நானும் ஆத்தாவும் (அம்மா) சிங்கப்பூர் போகிறோம். தம்பிக்கு ரெண்டாவது மகள் பிறந்திருக்கிறாள், ஆத்தா இன்னும் பார்க்கவில்லை. எங்களுக்கு மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம்தான், அதனால் நேரம் தோதாக இருந்த விமானத்தைப் பிடித்தேன். மலிவு டிக்கெட், சாப்பாடு சேராது. காசு கொடுத்து வாங்கினாலும் மேலே காற்று வறண்டு கிடப்பதால் உப்பும் இனிப்பும் நாக்குக்கு மட்டாகத்தான் தெரியும். அதனால் ஏறுமுன் விமான நிலையத்துக்குள்ளேயே ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிடலாம் என்றேன்.

"கட்டுச்சோறு கட்டிக்கிட்டா ஆகாதாப்பா?" என்றார் ஆத்தா. ஆகும்தான். ஆனால் ஆத்தாவின் முதல் விமானப் பயணம் இது. மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு அவர் சாப்பிட வேண்டாம் என்று எனக்கு ஆசை.

8 செப்டம்பர், திங்கள்

பெட்டி கட்டினோம். சீப்புச் சீடை, மனகோலம், தேன்குழல் போன்ற பலகாரம் தாராளமாகப் போகலாம். ஊறுகாயும் நெய்யும் பெரிய பெட்டிக்குள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் விடமாட்டார்கள். கொப்பரை வேண்டவே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். எண்ணெய்ச் சத்துள்ள சரக்கு, தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. ஆத்தாவின் இன்சுலின் மட்டும் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு. கீழே சரக்கறையில் குளிரில் உறைந்தால் கெட்டுப்போகும்.

சாயங்காலம் வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) உட்கார்ந்து ஆத்தா தன் அப்பச்சி (அப்பா) கப்பலுக்குப் போன நாளைச் சொன்னார். அவருக்குப் பினாங்கில் கடைக்கணக்கு வேலை. போனால் மூன்று வருடம் முடித்துத்தான் திரும்பணும். நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பல் கரைக்கு வராது, தள்ளி நிற்கும், படகில் போய்த்தான் ஏறணும்.

"அப்பச்சி சாப்பிட்டு எந்திரிக்கிற வரைக்கும் வீட்டுல ஒருத்தரும் இலையில உக்கார மாட்டோம். வெள்ளைப் பணியாரம், வெண்டைக்கா மண்டி எல்லாம் இருந்துச்சு. அவுக ஒண்ணுஞ் சரியாச் சாப்பிடல. கை கழுவிட்டு வந்து என் உச்சந்தலையில கைய வச்சாக. ஈரமா இருந்துச்சு. எனக்கு அப்ப ஆறு வயசு."

அந்த ஈரம் இன்னும் இருப்பதுபோலத் தலையைத் தொட்டுக்கொண்டார்.

12 செப்டம்பர், வெள்ளி, சிங்கப்பூர்

நேற்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

வழியனுப்ப ஆச்சியும் (அக்கா) பிள்ளைகளும் வந்தார்கள். டிக்கெட் இல்லாதவர்களுக்கு வாசலோடு சரி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையாட்டிவிட்டுப் போனார்கள். சோதனை எல்லாம் முடிந்து ஓட்டலில் உட்கார்ந்தபோது விமானத்துக்கு இன்னும் ஒன்றேமுக்கால் மணி நேரம் இருந்தது. ஆத்தாவுக்கு இட்லி, எனக்குச் சோறும் செட்டிநாட்டுக் கோழியும். "பத்து நிமிஷம் சார்" என்றார் பரிமாறுகிறவர்.

அதை நம்பி, "ஊசியைப் போட்டுக்கிருங்க ஆத்தா" என்றேன். அது உடனே வேலை செய்கிற இன்சுலின், போட்டால் கால் மணிக்குள் சாப்பிட்டாகணும். இருபது நிமிஷமாகியும் வரவில்லை. கேட்டால் "இதோ" என்றார்கள். அரை மணி ஆனபோது ஆத்தாவின் மேலுதட்டில் முத்து முத்தாக வேர்வை, டம்ளர் பிடித்த கையில் நடுக்கம். "கண்ணைக் கட்டுதுப்பா" என்றார்.

பக்கத்து மேசையில் காபிக்கு வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலம் மூன்றைக் கிழித்துத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்தேன். அடுத்த பத்து நிமிஷமும் அவர் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தேன். மெல்லத் தெளிந்தார். அதற்குப் பிறகு வந்தது இட்லி.

ஓட்டலின் தாமதம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஊசியை முந்திப் போடச் சொன்னது நான். தட்டு மேசைக்கு வந்து, ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்த பிறகுதான் இனி ஊசி. சர்க்கரை வியாதிக்காரரைக் கூட்டிப் போகிறவர்கள் இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுச்சோறு வேண்டாமென்று சொன்னதையும் நினைத்து ராத்திரி தூக்கம் வரவில்லை. சீடை டப்பா கைப்பையில் இல்லாமல், பெரிய பெட்டியோடு போய்விட்டிருந்தது.

கோழியில் கல்பாசி வாசம் துளியும் இல்லை. பாதிக்கு மேல் இறங்கவில்லை. சாப்பிட்ட பிறகு கை கழுவ அந்த ஓட்டலுக்குள் ஒரு குழாய் கிடையாது, காகிதம் கொடுத்தார்கள். சாம்பார் ஒட்டிய கையைத் தூக்கிப் பிடித்தபடி ஆத்தா கழிப்பறை வரைக்கும் நடந்தார். கையால் சாப்பிடுகிற ஊரில் இப்படி ஓட்டல் நடத்துவது எனக்குக் கொஞ்சமும் சம்மதமில்லை.

28 செப்டம்பர், ஞாயிறு, சாங்கி விமான நிலையம், சிங்கப்பூர்

திரும்புகிற நாள். இங்கே டிக்கெட் இல்லாதவர்களும் பொதுப் பகுதி ஓட்டல் வரை வரலாம். தம்பி, தம்பி பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைகள், நாங்கள் ரெண்டு பேர், ஆறு பேரும் ஒரே மேசை. தோசை வந்தது. ஆத்தா விரலால் தொட்டுப் பார்த்தார், பிறகு ஊசி, பிறகு முதல் வாய். யாரும் அவசரப்படுத்தவில்லை. சாப்பிட்டு முடித்து, மூலையிலிருந்த தொட்டியில் கை கழுவி வந்தவர், துடைக்காமலே சின்னவள் உச்சியில் கையை வைத்தார். பிள்ளை சிலிர்த்துக்கொண்டு அழுதது. தம்பி வாங்கித் தட்டிக்கொடுத்தான்.

"இன்னும் நேரம் இருக்காப்பா?"

"ஒரு மணி நேரம் இருக்கு ஆத்தா."

"அப்ப இன்னொரு காப்பி சொல்லு. சீனி போட வேணாம்னு சொல்லிரு."