எஃப்-700இல் என் முதல் கையொப்பம்

பெல்காமில் அடிப்படைப் பயிற்சியையும் தாம்பரத்தில் தொழிற்பயிற்சியையும் முடித்துவிட்டு, 1998ஆம் ஆண்டு இந்திய விமானப்படையின் மிக்-21 போர்விமான ஸ்குவாட்ரன் (படைப்பிரிவு) ஒன்றில், விமானத்தின் உடற்பகுதியைப் பராமரிக்கும் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராகச் சேர்ந்தேன். பயிற்சிச் சான்றிதழ் கையில் இருந்தாலும், விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான எஃப்-700இல் கையொப்பமிடும் உரிமை உடனே கிடைத்துவிடாது. மூத்தவர்களின் கண்பார்வையில் பல மாதங்கள் வேலை செய்த பிறகு, வாய்மொழித் தேர்வு ஒன்றையும் செய்முறைத் தேர்வு ஒன்றையும் கடந்தாக வேண்டும். அந்தச் செய்முறைத் தேர்வில் முதல் முறை நான் தேறவில்லை.

வாய்மொழித் தேர்வில் ஹைட்ராலிக் அமைப்பைப் பற்றியும், காற்றழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளைப் பற்றியும் கேட்ட எல்லாவற்றுக்கும் விடை சொல்லியிருந்தேன். மறுநாள், தரையிறங்கி வந்த விமானம் தன் இடத்தில் நின்று இன்ஜின் அடங்கியதும், சக்கரம் உருளாமல் தடுக்கும் தடைக்கட்டையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டிலிருந்து நேராகச் சக்கரத்தை நோக்கி நடந்தேன். தேர்வை நடத்திய வாரண்ட் ஆபீசர் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். தேர்வு அத்துடன் முடிந்தது.

அன்று மாலை அவர் என்னை அழைத்து, கழற்றி வைத்திருந்த ஒரு சக்கரத்தின் அருகில் நிறுத்தி விளக்கினார். வேகமாகத் தரையிறங்கும் விமானத்தை நிறுத்தும்போது பிரேக்கில் உண்டாகும் வெப்பம் உடனே தணிவதில்லை. அது மெல்ல மெல்லச் சக்கரத்துக்கும் டயருக்கும் பரவுவதால், விமானம் நின்று சில நிமிடங்கள் கழிந்த பின்னர்தான் அங்கே வெப்பம் உச்சத்தை அடைகிறது. அப்போது சக்கரம் வெடித்தால் உலோகத் துண்டுகள் பெரும்பாலும் அச்சின் திசையில், அதாவது இரு பக்கங்களிலும் பாயும். ஆகவே சூடான சக்கரத்தை முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ மட்டுமே அணுக வேண்டும். பாடத்தில் இதை நான் படித்திருந்தேன் என்பதுதான் எனக்கு மிகுந்த வேதனை அளித்தது. என் கால்கள் அதைப் படித்திருக்கவில்லை.

அடுத்த மூன்று மாதங்கள் ஒவ்வொரு வேலையையும் அதற்குரிய வரிசையில் செய்து பழகினேன். எரிபொருள் நிரப்பும்போது, நிலைமின்சாரத்தால் பொறி எழாமலிருக்க, வண்டியையும் விமானத்தையும் இணைக்கும் கம்பியை முதலில் மாட்டி, கடைசியில்தான் கழற்ற வேண்டும். ஆபத்தில் விமானியை இருக்கையோடு வெளியே தள்ளுவதற்காக விமானி இருக்கையின் அடியில் வெடிபொருள் இருப்பதால், பாதுகாப்புப் பின்கள் செருகப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்க்காமல் காக்பிட்டுக்குள் கையைக்கூட நீட்டக் கூடாது. மிக்-21இன் இன்ஜினுக்கான காற்று மூக்கிலேயே உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த வாய்க்குள் ஒரு சிறு திருகாணி போனாலும் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் இதழ்கள் சிதைந்துவிடும். அதனால் காலையில் அனைவரும் வரிசையாக நின்று தளத்தில் கல், கம்பி, ஆணி என்று கிடப்பதையெல்லாம் பொறுக்கியெடுப்போம். சட்டைப்பையில் பேனாவோ விரலில் மோதிரமோ இருக்கக் கூடாது. கருவிப் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவிலேயே ஒரு பள்ளம் உண்டு. ஒரு பள்ளம் காலியாக இருந்தாலும் விமானம் நகராது.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21க்கு விடைகொடுத்த நிகழ்ச்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதும், தரைப் பணியாளர்கள் சக்கரத்தை எந்தப் பக்கத்திலிருந்து அணுகுகிறார்கள் என்றுதான் என் கண்கள் தேடின.

இரண்டாவது தேர்வில் கேள்விகள் குறைவாகவே இருந்தன. விமானம் வந்து நின்றது முதல் மறுபடி புறப்படத் தயாராவது வரை வாரண்ட் ஆபீசர் ஒரு வார்த்தையும் பேசாமல் என் பின்னாலேயே நடந்தார். தரையிறங்கும்போது விரிந்து வேகத்தைக் குறைக்கும் பிரேக் பாராசூட் ஒன்றைப் புதிதாக வால்பகுதியில் பொருத்தி மூடியதும், அதன் பூட்டை இன்னொரு முறை சோதிக்கச் சொன்னார், அவ்வளவுதான். ஒரு வாரத்தில் அனுமதி ஆணை வந்தது.

முதல் கையொப்பமிட்ட அன்று, பேனாவை எடுப்பதற்கு முன் விமானத்தை மீண்டும் ஒருமுறை சுற்றிவந்து பார்த்தேன். விமானி இருக்கையில் அமர்ந்து பட்டைகளை மாட்டிக்கொண்டதும் சிவப்புத் துணி கட்டிய பின்களைக் கழற்றி, அவர் எண்ணிப் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினேன். அவர் தலையசைத்தார். விமானம் மேலெழுந்து போன பிறகு என் தோழர்கள் தேநீருக்குச் சென்றார்கள்; எனக்கு மனம் வரவில்லை. அது திரும்பி வந்து நின்று இன்ஜினின் சுழற்சி முழுவதுமாக அடங்கும் வரை காத்திருந்து, தடைக்கட்டையுடன் சக்கரத்தின் முன்பக்கமாகச் சென்றேன்.