ஆக்சைடு இடைமுக ப்ராஜெக்ட்: வைவாவுக்கு எப்படித் தயாராவது?

சேலத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. இயற்பியல் ப்ராஜெக்டுக்கு லாந்தனம் அலுமினேட் – ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் இடைமுகத்தை (இரண்டு ஆக்சைடுகளும் ஒட்டும் எல்லையை) எடுப்பவர்கள் வைவாவில் மாட்டுவது ஒரே இடத்தில்தான். "இரண்டுமே மின்கடத்தாப் பொருள், சேர்ந்தால் ஏன் கடத்துகிறது?" என்று கேட்டால் 'போலார் கட்டஸ்ட்ரோஃபி' என்று சொல்லி நின்றுவிடுகிறார்கள். கணக்கைப் போட்டுக் காட்டினால்தான் மார்க்.

போர்டில் அடுக்கடுக்காக வரையுங்கள். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட்டின் இரு அடுக்குகளுக்கும் மின்சுமை பூஜ்ஜியம். மேலே லாந்தனம் அடுக்குக்கு +1, அலுமினியம் அடுக்குக்கு −1. அடுக்க அடுக்க மின்னழுத்தம் ஏறும்; இதுதான் போலார் கட்டஸ்ட்ரோஃபி. அதைத் தணிக்க ஓர் அலகுக்கூட்டுக்கு (யூனிட் செல்) அரை எலக்ட்ரான் இடைமுகத்துக்கு இறங்க வேண்டும். கூட்டின் பக்கம் 0.3905 நானோமீட்டர், பரப்பால் வகுத்தால் சதுர செ.மீ.க்கு 3.3×10¹⁴ எலக்ட்ரான்.

அடுத்த கேள்வி நிச்சயம் வரும்: காந்தப்புலத்தில் வைத்து நகரும் எலக்ட்ரான்களை எண்ணும் ஹால் அளவீட்டில் இந்த எண்ணிக்கை ஏன் பத்து மடங்குக்கும் மேல் குறைகிறது? ஹால் மின்தடைக் கோட்டின் சாய்வு டெஸ்லாவுக்கு 31 ஓம் என்றால் 2×10¹³தான். (விடை சதுர மீட்டரில் வரும், 10⁴-ஆல் வகுக்க மறக்காதீர்கள்.) மீதி எலக்ட்ரான்களில் பல டைட்டானியம் அயனிகளிலேயே சிக்கி, நகராமல் கிடக்கலாம்.

ஆக்சிஜன் வெற்றிடங்களையும் (படிகத்தில் ஆக்சிஜன் அணு இல்லாத காலி இடங்கள்) விடாதீர்கள். ஒரு வெற்றிடம் இரண்டு எலக்ட்ரான் வரை தரும். படலம் வளர்க்கும்போது ஆக்சிஜன் அழுத்தம் 10⁻⁶ மில்லிபார் அளவுக்கு இறங்கினால் அடித்தள ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகமே கடத்தத் தொடங்கும். அப்போது அளப்பது இடைமுகத்தை அல்ல. அதனால் வளர்த்த அழுத்தம், பிறகு ஆக்சிஜனில் அனீல் செய்தது (சூடாக்கி வைத்தது) இரண்டையும் ரிப்போர்ட்டில் எழுதுங்கள். லாந்தனம் அலுமினேட் படலம் நான்கு அலகுக்கூட்டுத் தடிமனுக்குக் கீழே இருந்தால் கடத்தாதது மின்சுமை விளக்கத்துக்குச் சாதகம். படிக ஒழுங்கற்ற (அமார்ஃபஸ்) படலத்தை மேலே போட்டாலும் கடத்துவது வெற்றிடங்களுக்குச் சாதகம். இரண்டையும் சொல்பவரைத்தான் தேர்வாளர் நம்புவார்.

மின் இணைப்புக்கு மேலே சில்வர் பேஸ்ட் தடவினால் அது இடைமுகம் வரை போகாது. அல்ட்ராசோனிக் பாண்டரில் (மீயொலி அதிர்வால் கம்பி ஒட்டும் கருவி) அலுமினியக் கம்பியைப் படலம் துளைய அழுத்த வேண்டும். அளக்கும் முன் மாதிரியைப் பல மணி நேரம் இருட்டில் வையுங்கள். ட்யூப்லைட் பட்டாலே மின்தடை இறங்கி, உடனே மீளாது.

நம் ஊரை வைத்தும் கேட்கலாம்: கருப்பூர்ப் பக்கத்து மாக்னசைட்டைச் சுட்டால் வரும் மக்னீசியம் ஆக்சைடு அடித்தளமாக இருந்தால் இப்படிக் கடத்துமா? கடத்தாது: மக்னீசியத்துக்கு +2 தவிர வேறு நிலை இல்லை. ஏற்காட்டு பாக்சைட்டின் அலுமினியத்துக்கும் +3 ஒன்றுதான். இறங்கும் எலக்ட்ரானை ஏற்க +4-லிருந்து +3-க்கு மாறும் டைட்டானியம் வேண்டும்.