15 அடிக்கு ஒருமுறை

கணிதவியலர் கான்வேயின் உயிர் விளையாட்டில் (Game of Life: கட்டம் போட்ட பலகையில் ஒவ்வொரு கட்டமும் உயிரோடு இருக்கும் அல்லது காலியாக இருக்கும்; ஆட்டம் விதிப்படி தானாக ஓடும்) பத்துக் கட்டங்களை ஒரே வரிசையில் உயிர்ப்பித்து ஓடவிட்டேன்.

வரிசை உடைந்தது, விரிந்தது, சுருங்கியது. அப்புறம் எண்ணிப் பார்த்தால், சரியாக 15 அடிக்கு ஒருமுறை அதே உருவம்! (எல்லாக் கட்டங்களும் விதிப்படி ஒருமுறை மாறினால் அது ஓர் அடி.)

விதி சின்னது. சுற்றியுள்ள எட்டில் 2 அல்லது 3 உயிர் இருந்தால் கட்டம் பிழைக்கும். வெற்றுக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக 3 இருந்தால் அங்கே ஒன்று பிறக்கும். மற்றதெல்லாம் காலி.

ஒரே வரிசையில் மூன்று கட்டம் போட்டால் படுத்தும் நின்றும் கண் சிமிட்டும். நடுக்கட்டம் சாவதே இல்லை. ஓரத்து இரண்டும் ஒவ்வொரு அடியிலும் செத்து, வேறிடத்தில் இரண்டு பிறக்கின்றன. அதையே வெகுநேரம் பார்த்திருந்தேன்.

விளையாட்டு வந்தது 1970-இல். எந்த எண்ணுக்கும் அத்தனை அடியில் திரும்பும் உருவம் உண்டு என்பது உறுதியானது 2023-இல்தான். அதுவரை அகப்படாமல் இருந்து கடைசியாகக் கிடைத்தவை 19, 41 அடியில் திரும்பும் உருவங்கள்.

நாளை அந்த 19-ஐ ஓடவிட வேண்டும்.