"தழும்பு வெளியிலதானே இருக்கு?"

சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் எடுப்பது என் வேலை. முடிவைச் சொல்வது டாக்டரின் வேலை. ஆனால் டாக்டருக்குத் தமிழ் தெரியாது, எதிரில் இருப்பவருக்கு ஆங்கிலம் ஓடாது என்றால் என்னையும் உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள்.

அன்று வந்தவர் (ஊர், விவரம் எல்லாம் மாற்றித்தான் எழுதுகிறேன்) உட்லண்ட்ஸ்வாசி. மூத்த பையன் தஞ்சாவூரில் சிசேரியனில் பிறந்தவன். இப்போது 7 வாரம். வலி இல்லை, லேசாக ரத்தம் பட்டிருக்கிறது. ஸ்கேனில் கர்ப்பப்பையின் மேல்பகுதி காலி, வாய்ப்பகுதியும் காலி. நடுவில், முன்சுவரில், பழைய தையல் போட்ட இடத்தில் கரு ஒட்டியிருந்தது. அதற்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே இருந்த சதை 2 மில்லிமீட்டர்கூட இல்லை. துடிப்பு இருந்தது.

இதற்குப் பெயர் சிசேரியன் தழும்புக் கர்ப்பம். 2,000 கர்ப்பங்களில் ஏறக்குறைய ஒன்று இப்படி ஆகும் என்பார்கள். மருத்துவ ஏடுகளில் முதலில் பதிவானதே 1978இல்தான். சிசேரியன் பெருகப் பெருக இதுவும் பெருகுகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு, 'கலைந்து இறங்குகிறது' என்று எழுதப் போனேன். பக்கத்தில் நின்ற மூத்தவர் ஸ்கேன் கருவியின் கைப்பிடியான ப்ரோபை வாங்கி மெல்ல அழுத்தினார். கலைந்து இறங்கும் கருவாக இருந்தால் நழுவும். இது அசையவில்லை. ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளரைப் போட்டதும் சுற்றிலும் சிவப்பும் நீலமும். என் பேச்சை நம்பி யாராவது வழக்கம்போல் கர்ப்பப்பையைச் சுரண்டியிருந்தால்? நல்ல தசை சுருங்கி ரத்தக்குழாய்களை நெரித்துவிடும். தழும்புக்கு அந்தத் தெம்பு கிடையாது. ரத்தம் கொட்டிக்கொண்டே இருக்கும். சிசேரியன் ஆனவர் யார் வந்து படுத்தாலும் இப்போதெல்லாம் நான் முதலில் துடிப்பைத் தேடுவதில்லை, இடத்தைத்தான் தேடுகிறேன்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. இப்படியே சுமந்து உயிரோடு பிள்ளை பெற்றவர்களும் உண்டு, ஆனால் கர்ப்பப்பை கிழியலாம், நஞ்சுக்கொடி சுவரைத் துளைத்து வளரலாம், கடைசியில் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம் என்றார். நான் தமிழில் சொல்லி முடித்தேன். அந்தப் பெண் சுடிதாரை லேசாக விலக்கி அடிவயிற்றுக் கோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"தழும்பு வெளியிலதானே இருக்கு அக்கா? குழந்தை உள்ளதானே?"

கால் மணி நேரம் பேசியதெல்லாம் வீண். தோலில் போட்ட தையல், கர்ப்பப்பையில் போட்ட தையல், இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நான் பாட்டுக்குப் பேசியிருக்கிறேன். அப்பாயின்ட்மென்ட் தாளின் பின்பக்கம் படம் வரைந்தேன். கேவலமான படம், கத்தரிக்காய் மாதிரி இருந்தது. ஆனால் புரிந்தது.

வாட்ஸ்அப்பில் மாமியார். "கீழ இறங்கிருச்சுன்னா காலைத் தூக்கி வச்சுப் படுத்திருக்கட்டும்மா, தன்னால ஏறிடும்."

"இறங்கலம்மா. ஒட்டினதே அங்கதான்."

கணவர் ஜூரோங்கில் நைட் ஷிஃப்ட் முடித்து அப்படியே வந்திருந்தார். அதுவரை வாய் திறக்காதவர், "துடிப்பு இருக்குன்னீங்களே?" என்று மட்டும் கேட்டார். நான் மொழிபெயர்ப்பதற்கு முன்பே டாக்டர் தலையை அசைத்தார்.

கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்று முடிவானது. துடிப்பு இருக்கும்போது, கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியைத் தசையில் மட்டும் போட்டால் பல நேரம் போதாது. அதனால் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே கருவை உறிஞ்சி எடுப்பது என்றானது. வயிற்றின் மேல் ப்ரோபைப் பிடித்திருந்தது நான். டாக்டரின் கண் தன் கையில் இல்லை, என் திரையில் இருந்தது. என் மணிக்கட்டு மரத்துப்போய்விட்டது. ரத்தப் பைகள் தயார், கசிந்தால் உள்ளே அழுத்திப் பிடிக்க பலூனும் தயார். பலூன் தேவைப்பட்டது, மறுநாள் காலையில் எடுத்தார்கள். ரத்தம் ஏற்றவில்லை.

பிறகு வாராவாரம் ரத்தப் பரிசோதனை. எச்சிஜி என்னும் கர்ப்ப ஹார்மோனின் அளவு ஒரேயடியாக விழாது, இழுத்தடிக்கும். கடைசிப் பரிசோதனைக்குப் பையனையும் கூட்டி வந்திருந்தார். மறுபடி கர்ப்பமானால் 6 வாரத்திலேயே ஸ்கேனுக்கு வந்துவிட வேண்டும், இதே இடத்தில் திரும்பவும் ஒட்டலாம் என்று எச்சரித்தேன். தலையாட்டிவிட்டுக் கைப்பையைத் திறந்து மடித்து வைத்திருந்த கத்தரிக்காய்ப் படத்தைக் காட்டினார்.

"இதைப் போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன் அக்கா. படுத்தே இருந்திருந்தா ஏறியிருக்கும்னுதான் அத்தை இன்னும் சொல்றாங்க."